இரண்டு நாள், ஒரே ஊர்... நடந்தே பார்க்கலாம், வாங்க!

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி எழுதுவது.

சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி கேட்டிருந்தார். ‘எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சரித்திரம் என்றால் உயிர். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. இரண்டு நாள் கிடைத்தால் எங்கே போகலாம்? வேனில் அடைத்துக்கொண்டு ஒன்பது கோயில் பார்க்கிற யாத்திரை வேண்டாம். நாங்கள் இரண்டு பேர் மட்டும், நடந்தே சுற்றிப் பார்க்கிற மாதிரி ஒரு ஊர் சொல்லுங்களேன்’ என்று.

அவருக்கு மட்டும் இல்லை, அவரைப் போல மனசுக்குள் ஆசையை வைத்துக்கொண்டு, ‘நமக்கெல்லாம் எங்கே...’ என்று இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து இந்தக் கடிதம். நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊரையே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்!

‘அட, தஞ்சாவூர்தானே, பெரிய கோயிலைப் பார்த்தாச்சே’ என்று சொல்வீர்கள். எத்தனை நேரம் பார்த்தீர்கள்? கும்பகோணம் போகிற வழியில் ஒரு மணி நேரம். அதில் பாதி நேரம் செருப்பு விடுகிற இடத்திலும், குழந்தைக்குத் தண்ணி வாங்கிக் கொடுப்பதிலும் போயிருக்கும். பை, செருப்பு, சின்னப்பிள்ளை எல்லாவற்றுக்கும் காவலாக ஒருத்தர் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த ஒருத்தர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

அதனால்தான் சொல்கிறேன். பார்த்த ஊரையே இந்தத் தடவை வேறு மாதிரி பாருங்கள். இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த ஊர்?

ஒரு காரணம் தூரம். ரயிலை விட்டு இறங்கினால் காந்திஜி சாலை வழியாகப் பெரிய கோயிலுக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷ நடை. வழியில் ஒரு பாலம் வரும். கீழே ஓடுவது கல்லணைக் கால்வாய். எங்கள் ஊரில் ‘புது ஆறு’ என்றுதான் சொல்வோம். கோயிலிலிருந்து அரண்மனைக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். அரண்மனையைச் சுற்றி நாலு ராஜவீதிகள். அவ்வளவுதான் ஊர். கால் வலித்தால் ஆட்டோ கூப்பிட்ட குரலுக்கு வரும்.

இன்னொரு காரணம், ஆயிரம் வருஷச் சரித்திரம் இங்கே வரிசையாக இருக்கிறது. சோழர், பாண்டியர், நாயக்கர், மராட்டியர் என்று ஆண்ட ஒவ்வொருவரும் எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் ஒரே பிராகாரத்துக்குள்ளேயே!

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். பொதுவாகச் சரித்திரம் என்றால் ராஜா, யுத்தம், வருஷம் என்று ஆண்கள் கதையாகவே இருக்கும். இங்கே அப்படி இல்லை. கல்லிலேயே பெண்களின் பெயர் இருக்கிறது. ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில்!

முதல் நாள் காலை: பெரிய கோயில்

காலை ஆறரைக்கெல்லாம் கோயிலில் இருங்கள். வெயில் ஏறிவிட்டால் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது. மதியம் சந்நிதியும் சாத்திவிடுவார்கள்.

நுழையும்போதே வாசல்களை எண்ணுங்கள். முதலில் வருவது மராட்டியர் கால வாசல். அடுத்தது கேரளாந்தகன் திருவாசல். சேரனை வென்றதற்காக ராஜராஜன் வைத்துக்கொண்ட பட்டப்பெயர் அது. மூன்றாவது ராஜராஜன் திருவாசல். உள்ளே போனால் நந்தி. ‘வளர்ந்துகொண்டே போன நந்தி’ என்று கதை சொல்வார்கள். உண்மையில் இப்போது இருக்கிற நந்தியும் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. அம்மன் சந்நிதி பாண்டியர் காலத்தது. முருகன் கோயில் நாயக்கர் காலத்தது. அதன் சுவர் வேலைப்பாட்டை ஒரு கால் மணி நேரமாவது பாருங்கள். கல்லா, மரமா என்று சந்தேகம் வந்துவிடும்.

நடுவில் சோழனுடைய விமானம். சுமார் இருநூறு அடி உயரம். 1010-ல் தன்னுடைய 25-ம் ஆட்சி ஆண்டில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் கலசம் கொடுத்தான் ராஜராஜன். ‘இதன் நிழல் தரையில் விழாது’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். காலையிலோ மாலையிலோ நின்று பாருங்கள். நன்றாகவே விழும்! நிழல் விழுந்தால் அந்தக் கோபுரத்தின் பெருமை குறைந்துவிடுமா என்ன?

ஒரு ஆச்சரியம் சொல்கிறேன். இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே நடுவில் மறந்துபோயிருந்தது. கரிகாலன் கட்டியது என்றுகூட நம்பிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மன் அறிஞர் ஹுல்ஷ் 1886-ல் இங்குள்ள கல்வெட்டுகளைப் படித்துத்தான், கட்டியது ராஜராஜன் என்று நிச்சயமாகச் சொன்னார். எத்தனையோ நூற்றாண்டுகளாக எல்லோரும் அந்த எழுத்துக்குப் பக்கத்திலேயே நடந்து போயிருக்கிறார்கள். படிக்கத்தான் யாரும் நிற்கவில்லை.

அக்காவும் நானூறு பேரும்

‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குக் குந்தவையைத் தெரியாமல் இருக்காது. கல்கி எழுதிய குந்தவை கதையில் வருபவள். இந்தக் கோயில் சுவரில் இருப்பவள் நிஜக் குந்தவை. தான் கொடுத்தவை, தன் அக்கா கொடுத்தவை, தன் மனைவிமார் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். தனக்கு அடுத்தபடி அக்காவைத்தான் சொல்கிறான். பெண்டாட்டிமார்கூட அதற்கப்புறம்தான்! அந்த அக்கா தங்கம், நகை, பாத்திரம் என்று அள்ளிக் கொடுத்தாள். தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செப்புத் திருமேனி செய்து வைத்தாள். பூஜைக்கென்று அவள் கொடுத்த பணத்தை ஊர்ச்சபைகளிடம் வட்டிக்குக் கொடுத்து, அந்த வட்டியில் செலவு நடக்க ஏற்பாடு. முதல் கரையாமல் தர்மம் நடக்க வேண்டும் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னேயே யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

நகைக் கணக்கைக் கேட்டால் இன்னும் அசந்துபோவீர்கள். எடை போடும்போது நூல், அரக்கு, சட்டம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு எடை எழுதியிருக்கிறார்கள். முத்து என்றால் வெறுமனே முத்து இல்லை. உருண்டை முத்து, கொஞ்சம் உருண்ட முத்து, சின்ன முத்து, இரட்டை முத்து, சப்பட்டை முத்து என்று ரகம் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று கணக்கு. நகைக்கடையில் நாம் ‘கல்லுக்கு எடை போடாதீங்க, அரக்கைக் கழிச்சுச் சொல்லுங்க’ என்று சண்டை போடுகிறோமே, அதே கறார்!

சமையலறைக் கணக்கும் உண்டு. சுவாமி நைவேத்தியத்துக்கு அரிசி, பருப்பு, நெய், தயிர், புளி, மிளகு, கடுகு, சீரகம், சர்க்கரை, வாழைப்பழம், உப்பு, விறகு என்று கல்வெட்டில் அளந்து எழுதியிருக்கிறது. மிளகாயைத் தேடாதீர்கள், இருக்காது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் நம் நாட்டுக்கு வந்தது. ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு. அந்த ஆடுகளை வைத்துக்கொண்டிருப்பவர் தினமும் ஒரு உழக்கு நெய் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட என் மனதைத் தொட்டது நானூறு பெண்களின் பட்டியல். சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து நானூறு ஆடல் மகளிரைக் கொண்டுவந்து, இந்தக் கோயிலைச் சுற்றித் தெருத்தெருவாகக் குடிவைத்தான் ராஜராஜன். அவர்களுக்குத் தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். ஒவ்வொருத்திக்கும் வருஷத்துக்கு நூறு கலம் நெல் வருகிற பங்கு. ‘நானூறு பேர்’ என்று மொத்தமாக எழுதிவிட்டுப் போகவில்லை. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். சேரமங்கை, எடுத்தபாதம் என்றெல்லாம் பெயர்கள். இறந்துபோனால் அவள் பங்கு அடுத்த உறவுக்காரருக்கு. ஆனால் அவர் அந்தத் தொழிலுக்குத் தகுந்தவராக இருக்க வேண்டும்.

சொந்த ஊரை விட்டுக் கிளம்பி வந்தது அவர்களுக்குச் சந்தோஷமா, துக்கமா? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. அது உத்தரவு, அவ்வளவுதான். ஆனால் வீட்டு விலாசத்தோடு பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம் கொள்ளுப்பாட்டிக்கு அம்மா பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதை நினைத்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். எழுத்து பழைய எழுத்து, நமக்குப் படிக்க வராது. அதனால்தான் வீட்டிலேயே கொஞ்சம் படித்துவிட்டு வரச் சொல்கிறேன். குடவாயில் பாலசுப்ரமணியன் எழுதிய ‘இராஜராஜேச்சரம்’, ‘தஞ்சாவூர்’ புத்தகங்கள் நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் புரட்டுங்கள்.

தென்மேற்குப் பக்கம் போனால் மராத்தி எழுத்தில் நீளமாக ஒரு கல்வெட்டு. மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி 1803-ல் தங்கள் போன்ஸ்லே வம்சக் கதையை வெட்டி வைத்தது. சோழன் கோயிலில் மராட்டியர் குடும்பக் கதை. ஊர் யாரையும் வெளியே நிறுத்தவில்லை!

கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் உண்டு. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்ததை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பாதுகாப்புக்காகப் பொதுமக்களை அங்கே விடுவதில்லை. கோயிலுக்குள்ளேயே தொல்லியல் துறை வைத்திருக்கிற கூடத்தில் படங்களைப் பார்க்கலாம்.

பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்கா, குளம். அருகில் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் பெயர் சொல்லும் பழைய தேவாலயம். 1798-ல் அவர் இறக்கும் தறுவாயில் இளவரசர் சரபோஜி வந்து பார்ப்பதுபோலப் பளிங்கில் ஒரு சிற்பம் உள்ளே இருக்கிறது. இங்கிலாந்தில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பி செய்தது. தேவாலயம் எப்போதும் திறந்திருக்காது. கேட்டுப் பாருங்கள், திறந்தால் லாபம்.

அப்புறம் அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, படுத்துத் தூங்குங்கள். ஆமாம், தூங்கத்தான் சொல்கிறேன்! ‘வந்த இடத்தில் தூங்குவதா, பக்கத்தில் இன்னும் நாலு கோயில் இருக்கே’ என்று வீட்டுக்காரர் சொல்வார். விட்டுக்கொடுக்காதீர்கள். மதிய வெயிலில் அலைந்தால் சாயங்காலம் எதுவும் மனசில் ஏறாது.

மாலை: சும்மா உட்கார ஒரு நேரம்

ஐந்து மணிக்கு மறுபடியும் பெரிய கோயிலுக்கே வாருங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு தடவையா என்று கேட்காதீர்கள். காலையில் பார்த்த கல் வேறு, மாலையில் பார்க்கிற கல் வேறு. வெயில் சாயும்போது விமானம் பொன் நிறமாக மாறும். ஊர்க்காரர்கள் குழந்தை குட்டிகளோடு வந்து பிராகாரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் உட்காருங்கள்.

பல வீடுகளில் கணவன் மனைவி பேசுவதே ‘கேஸ் வந்துச்சா’, ‘கரண்ட் பில் கட்டியாச்சா’ என்பதோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் வெளியூர் போனபிறகு அதுவும் குறைந்துவிடும். இதற்கு நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். ஊருக்குக் கிளம்புமுன் ஆளுக்கொரு விஷயத்தைப் படித்துவிட்டு வாருங்கள். அவர் நாயக்கர் கதையைப் படிக்கட்டும், நீங்கள் குந்தவையைப் படியுங்கள். அங்கே வந்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லுங்கள். இருவருக்கும் பிடித்த விஷயம் ஒன்று பேச இருந்தால், பேச்சு தானாக வரும். ‘உனக்கு இவ்வளவு தெரியுமா!’ என்று அவர் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், வந்த செலவு தீர்ந்தது.

இரண்டாம் நாள் காலை: வீதிகள்

இரண்டாம் நாள் காலைக் காப்பியை முடித்துவிட்டு மேல ராஜவீதிக்கு வாருங்கள். இது பாட்டும் ஆட்டமும் வாழ்ந்த தெரு. பங்காரு காமாட்சி அம்மன் கோயில் இங்கேதான். பங்காரு என்றால் தெலுங்கில் தங்கம். படையெடுப்புக்குப் பயந்து காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தங்கக் காமாட்சி, பல ஊர் சுற்றி, கடைசியில் மராட்டிய அரசர் காலத்தில் தஞ்சாவூரில் நிலைகொண்டாள். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி (1762-1827) இந்த அம்மனுக்குப் பூஜை செய்தவர்.

இதே வீதியில்தான் தஞ்சை நால்வர் வீடும். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நாலு அண்ணன் தம்பிகள். நம் பெண்களும் பேத்திகளும் இன்று அரங்கேற்றத்தில் அலாரிப்பில் ஆரம்பித்துத் தில்லானாவில் முடிக்கிறார்களே, அந்த வரிசையை ஒழுங்குபடுத்தித் தந்தவர்கள் இவர்கள்தான். நேற்றுப் பார்த்த கல்வெட்டில் நானூறு ஆடல் மகளிர், இன்று அந்த ஆட்டத்துக்கு இலக்கணம் வகுத்தவர்களின் தெரு. இரண்டுக்கும் நடுவில் எட்டு நூற்றாண்டு. நீங்கள் நடக்கப்போவது அரை மணி நேரம்கூட இல்லை!

கால் சரியாக இருந்தால் கிழக்கே பீரங்கி மேட்டுக்குப் போய் வாருங்கள். நாயக்கர் காலத்து இரும்பு பீரங்கி, 26 அடி நீளம். வார்ப்பு இல்லை, இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்துச் சேர்த்தது. அந்தப் பக்கத்துத் தெருவுக்குக் கீழ அலங்கம் என்று பெயர். அலங்கம் என்றால் கோட்டை மதில். மதில் போய்விட்டது, பெயர் மட்டும் தெருவுக்கு இருக்கிறது.

அரண்மனையும் சரஸ்வதி மகாலும்

பத்து மணிக்கு மேல் அரண்மனை. நாயக்கர்கள் ஆரம்பித்து, மராட்டியர்கள் விரிவாக்கியது. ரகுநாத நாயக்கர் சபையில் ராமபத்ராம்பா என்ற பெண் புலவர் இருந்தார். அரசரைப் பற்றியே சம்ஸ்கிருதத்தில் காவியம் எழுதினார். மதுரவாணி என்ற இன்னொரு பெண்மணி ராமாயணத்தைச் சம்ஸ்கிருதக் காவியமாக எழுதினார். நானூறு வருஷத்துக்கு முன்னால் இதெல்லாம்!

கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகளை அவசரமில்லாமல் பாருங்கள். திருவெண்காட்டில் பூமிக்கடியிலிருந்து கிடைத்த ரிஷபவாகனர் ஒருவர் நிற்கிறார். 1011-ல் செய்தது. காளை காணாமல் போய்விட்டது. ஆனால் அதன் மேல் சாய்த்த கை அப்படியே இருக்கிறது. பார்க்கும்போது காளை நிற்பதுபோலவே தோன்றும். அதே திருவெண்காட்டுக் கல்யாணசுந்தரரையும் பாருங்கள். சிவன் பார்வதியின் கையைப் பிடித்திருக்கிறார். அம்மன் வெட்கத்தில் தலை சாய்த்திருக்கிறாள். கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் அங்கே நிற்கும்போது வீட்டுக்காரரை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பீர்கள்!

சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடியும் கையெழுத்துப் பிரதியுமாக நாற்பதாயிரத்துக்கும் மேல். நாம் பார்ப்பது அதன் அருங்காட்சியகத்தை மட்டும். சரபோஜி புத்தகப் பித்தர். ஐரோப்பிய மொழிப் புத்தகங்களை வரவழைத்துப் படித்தார். கண் நோயாளிகளின் கண்ணைப் படம் வரைந்து, வைத்தியக் குறிப்பு எழுதி வைக்கச் செய்தார். 1799 ஒப்பந்தத்தில் ராஜ்யம் கம்பெனிக்காரர் கைக்குப் போய்விட்டது. அவரிடம் மிஞ்சியது கோட்டையும் கொஞ்சம் அதிகாரமும்தான். இருந்ததை வைத்துக்கொண்டு அவர் செய்ததுதான் இன்றும் நிற்கிறது. அவர் அரண்மனைச் சமையல் குறிப்புகள் ‘சரபேந்திர பாக சாஸ்திரம்’ என்று புத்தகமாகவே வந்திருக்கிறது. விற்பனைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஏதாவது வாங்க வேண்டுமா? காந்திஜி சாலைப் பக்கம் பூம்புகார் விற்பனை நிலையம் இருக்கிறது. தஞ்சாவூர்க் கலைத்தட்டு, ஓவியம், தலையாட்டி பொம்மை கிடைக்கும். பேரப்பிள்ளைக்கு ஒரு பொம்மை போதும். எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். அதன் அடியில் கனம் இருக்கிறது, அதுதான் ரகசியம்.

கிளம்புவதற்கு முன்...

1. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கச் சுகமான காலம். சித்திரை, வைகாசி வேண்டவே வேண்டாம்.

2. பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பிரதோஷத்தன்று பெரிய கோயிலில் கூட்டம் அலைமோதும். ஐப்பசி சதய விழா, தை மாதம் திருவையாறு தியாகராஜ ஆராதனை சமயங்களில் அறை கிடைப்பது கஷ்டம். கூட்டம் வேண்டும் என்பவர்கள் அதே நாளில் வரலாம். சரித்திரம் பார்க்க வருகிறவர்களுக்குச் சாதாரண நாள்தான் நல்லது.

3. அரண்மனை, கலைக்கூடம், சரஸ்வதி மகால் இவற்றுக்குத் தனித்தனி நேரமும் விடுமுறையும் உண்டு. தங்குமிடத்தில் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

4. அறையைப் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் ரயிலடிக்கும் நடுவில் பாருங்கள். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்தால் ஆட்டோவில் அந்தப் பணம் போய்விடும். கீழ்த்தள அறையோ, லிஃப்ட் உள்ள இடமோ கேளுங்கள். முட்டி நன்றி சொல்லும்.

5. புதுச் செருப்பு ஆகாது. பழகிய, பட்டை வைத்த செருப்பு போதும். பருத்திப் புடவையோ சுடிதாரோ, எது நடக்க வசதியோ அது. பட்டுப்புடவை பெட்டியிலேயே இருக்கட்டும்.

6. கைப்பையில் தண்ணீர், குடை, மாத்திரை, சின்ன நோட்டு, பென்சில். ‘இந்த வாசல் யார் கட்டியது’ என்று அங்கேயே குறித்துக்கொண்டால் வீட்டுக்கு வந்தும் மறக்காது.

7. கட்டுச்சோறு வேண்டாம்! புளியோதரை, தயிர்சாதம், இட்லி மிளகாய்ப்பொடி என்று முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை அடுப்பில் நின்றால், ரயிலில் ஏறும்போதே பாதி உயிர் போய்விடும். இரண்டு நாள் ஓட்டலில் சாப்பிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

8. கல்வெட்டைத் தடவிப் பார்க்காதீர்கள். விபூதி, குங்குமத்தைச் சுவரில் தடவாதீர்கள். ஆயிரம் வருஷம் நின்ற எழுத்து நம் கையால் அழிய வேண்டாம்.

‘இந்த வயசில் இது எதுக்கு?’

இதைக் கேட்காத வீடு உண்டா? மாமியாரை யார் பார்த்துக்கொள்வது, பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் அழைத்து வருவது, பால்காரருக்கு யார் சொல்வது என்று நூறு காரணம் வரும். எல்லாம் நியாயமான காரணம்தான். ஆனால் நாத்தனார் பெண் வளைகாப்பு என்றால் அதே வீட்டில் எப்படியோ ஏற்பாடாகிவிடுகிறதே! அப்போது நாம் கேட்பதில்லை, போய்த்தான் ஆக வேண்டும் என்று சொல்கிறோம். இதற்கும் அப்படியே சொல்லிப் பாருங்கள். தேதியை முதலில் குறியுங்கள், டிக்கெட்டை எடுங்கள். அப்புறம் வீட்டில் சொல்லி, மைத்துனரையோ மகளையோ இரண்டு நாள் வந்து தங்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு மாத்திரை நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இரண்டே நாள்தான், வீடு இருந்த இடத்தில்தான் இருக்கும்.

முக்கியமாக, ‘பையனுக்கு வேலை நிரந்தரமாகட்டும், பெண்ணுக்குப் பிரசவம் ஆகட்டும், அவர் ரிடையர் ஆகட்டும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். நடந்து பார்க்கிற ஊரை நடக்க முடிகிறபோதுதான் பார்க்க வேண்டும். எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன், கோபுரம் தெரிகிற திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, ‘உள்ளே போய் வருஷமாச்சும்மா, படி ஏற முடியலை’ என்று சொல்கிற பாட்டிமார் எத்தனையோ பேர்.

தஞ்சாவூர் தூரம் என்று நினைக்கிற சகோதரிகளும் இருப்பீர்கள். இந்த யோசனை எந்த ஊருக்கும் பொருந்தும். மதுரையில் மீனாட்சி கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும் நடக்கிற தூரம்தான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கோட்டையும் பழைய வீதிகளும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம். ஒரே ஊர், குறைவான இடம், நிறைய நேரம். அவ்வளவுதான் கணக்கு.

உங்கள் ஊரில் இப்படி நடந்தே பார்க்கிற மாதிரி என்ன இருக்கிறது? எந்தக் கல்வெட்டில், எந்தக் குளக்கரையில், எந்தச் சத்திரத்தில் ஒரு பெண் பெயர் இருக்கிறது? இந்தப் பகுதிக்கு எழுதுங்கள் சகோதரிகளே. நீங்கள் எழுதினால் அடுத்த தடவை நான் உங்கள் ஊருக்கு வருகிறேன்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.